சரணடைந்த பதினொரு பேர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மறுபடியும் கொன்றுவிட்டார்கள்.

படகுத்துறைக் காவலர்கள் மொத்தம் நாலு பேர். இரண்டு பேர் விழுந்ததும் மற்ற இருவர் ஈட்டியைக் கீழே போட்டு மண்டியிட்டுக் கைகளைத் தூக்கினார்கள். அதை நான் எவ்வளவு பாடுபட்டுச் சொன்னேன் என்று எனக்குத்தான் தெரியும். ஒருவனுக்குப் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை என்றுகூடச் சொன்னேன். வினோதினி இருபது முகப் பகடையை உருட்டினாள். பதினேழு விழுந்தது. வெட்டிவிட்டேன் என்றாள், கறிவேப்பிலை கிள்ளிவிட்டேன் என்பதுபோல. அடுத்தவனை ஃபரீதா அம்பால் அடித்தாள். ஜெரால்டுக்கு வைத்தியர் வேடம். காயம்பட்டவனைக் காப்பாற்ற வேண்டிய ஆள், ஒவ்வொரு பிணமாகப் போய்க் கழுத்தில் கத்தியை வைத்து, செத்தது நிஜம்தானா என்று பார்த்துவந்தார்.

நாலு வருடமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் இந்தக் கதை விளையாட்டை நடத்துகிறேன். ஒரு காவலன்கூட உயிரோடு வீடு போய்ச் சேர்ந்ததில்லை. நிஜத்தில் மூன்று பேரும் சாதுக்கள். ஃபரீதா மருந்துக்கடை வைத்திருக்கிறாள், கரப்பான்பூச்சியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறுவாள். ஜெரால்டு கல்லூரி நூலகர். வினோதினி என் சொந்தத் தங்கை. இந்த மூன்றும் என் மேசைக்கு வந்தால் மட்டும் கசாப்புக்கடை.

வினோவின் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் ஓசூரில் புதுக் கிளை திறக்கிறார்களாம். போக விருப்பமா இல்லையா என்று முப்பத்தொன்றாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இதை என்னிடம் அவள் சொல்லவில்லை. ஃபரீதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது டீ வடிகட்டும்போது என் காதில் விழுந்தது. அம்மா போய்ப் பன்னிரண்டு வருடம், அப்பா போய் இரண்டு வருடம். இந்த வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். போனால் போகட்டும், எனக்கென்ன.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆசிரியர் அறையில் தமிழ் டீச்சர் கேட்டார், ஞாயிற்றுக்கிழமை ஆனால் உங்கள் வீட்டில் என்ன கூட்டம், ஜெபமா என்று. விளக்கினேன். ஒருத்தர் உலகத்தைச் சொல்வார், ஊர், ஆறு, எதிரி எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். எதிரிக்கு நான் உருட்டும் எண் மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்க எனக்கு முன்னால் ஓர் அட்டைத் தடுப்பு. இவ்வளவுதான் டீச்சர் என்றேன். ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டார். என் ஆட்களுக்குப் பிணம்தான் கிடைக்கும் என்றேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

யோசித்துப் பார்த்தால் அவர் கேள்வி சரிதான். உலகத்தில் எந்தச் சண்டை கடைசி ஆள் சாகும்வரை நடக்கிறது? தெருநாய்கூட நாலு கடி வாங்கினால் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறது. சம்பளத்துக்கு நிற்கும் காவலன் எதற்குச் சாகணும், அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்காதா? இனி என் எதிரிகள் ஓடுவார்கள், பேரம் பேசுவார்கள், கெஞ்சுவார்கள். அடிபட அடிபடக் குறையும் உயிர்ப்புள்ளியில் பாதி போனதும் ஒவ்வொருவனுக்கும் துணிச்சல் இருக்கிறதா என்று தனியாகப் பகடை உருட்டப்போகிறேன். இந்த மாதத்துக்குள் இவர்களை ஒருவனையாவது உயிரோடு விடவைக்கவில்லை என்றால் கணக்கு டீச்சர் வேலையை விட்டுவிடுகிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கேஸ் தீர்ந்தது. 9-பி மிட் டெர்ம் பேப்பர் நாற்பத்திரண்டு. பின்னத்தைக் கூட்டச் சொன்னால் மேலும் கீழும் தனித்தனியாகக் கூட்டியவர்கள் பத்தொன்பது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதல் முயற்சி, கரடி. மலைப்பாதையில் ஒரு கரடி குறுக்கே வருகிறது. அதற்கு வேண்டியது இவர்கள் மூட்டையில் இருக்கும் வெல்லம். இரண்டு உருண்டையைத் தூக்கிப் போட்டால் தின்றுவிட்டுப் போய்விடும். மூட்டையை மோந்து பார்க்கிறது, மூட்டையையே பார்க்கிறது, எச்சில் ஒழுகுகிறது என்று மூன்று தடவை சொன்னேன். இதற்கு மேல் கரடி வாயைத் திறந்து கேட்க முடியாது.

கொன்றார்கள். வெல்லத்தை அப்புறம் அவர்களே தின்றார்கள்.

இரண்டாவது, ஓட்டம். கொள்ளைக்காரர்கள் ஐந்து பேர், இரண்டு அடி வாங்கியதும் சிதறி ஓடினார்கள். நான் அடுத்த காட்சிக்குத் தாளைப் புரட்டுகிறேன், வினோ குதிரை இருக்கிறதா என்று கேட்கிறாள். ஓடுகிறவனை எதற்கு விரட்டவேண்டும் என்றேன். "ஓடுறவன்தான்க்கா ஆள் சேர்த்துக்கிட்டு வருவான்" என்றாள். முக்கால் மணி நேரம் துரத்தினார்கள். ஐந்தாவது ஆள் நெல் குதிருக்குள் ஒளிந்திருந்தான். அவனையும் விடவில்லை.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். இங்கே மூன்று வால்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பள்ளியிலிருந்து வந்தால் மொட்டைமாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் படியில் அருவியாகக் கொட்டுகிறது. மோட்டாரைப் போட்டது வினோ. போனில் பேசிக்கொண்டிருந்தாளாம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், மானம் போயிற்று.

நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. அப்பா கிடந்தப்பவே வந்து நிற்காதவள், மோட்டாரை நிறுத்தவா வந்து நிற்கப்போகிறாய் என்றேன். ஏதோ வாய்க்கு வந்தது, சொல்லிவிட்டேன். அவள் துடைப்பத்தை எடுத்துப் படியில் தண்ணீரைத் தள்ளினாள். ராத்திரி சாப்பிடவில்லை. தோசை மாவு பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

இதில் எழுதிவைப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்பா பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வினோ புனேயில் பயிற்சியில் இருந்தாள், ஒன்பதாம் நாள்தான் வந்தாள். அவளுக்கும் விடுப்புக் கொடுக்கவில்லை, எனக்குத் தெரியும். கருமாதி முடிந்த அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிடுக்கா என்று அழுதாள். நானும் அழுதேன். அன்றைக்கே மன்னித்துவிட்டேன். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இந்த வாரம் புத்திசாலித்தனமாக யோசித்தேன். கொல்வதில் வெற்றியே இல்லாதபடி சண்டையை அமைத்தால் என்ன? கோட்டைக் கதவை மணி பத்து அடிக்கும்வரை காத்தால் போதும், வெளியில் நிற்கும் படை தானாகத் திரும்பிப் போய்விடும். ஒருத்தரையும் தொட வேண்டாம். பிரமாதமாகக் காத்தார்கள். ஃபரீதா கொதிக்கும் நீரை ஊற்றினாள், ஜெரால்டு கதவுக்குப் பின்னால் மாட்டுவண்டியைச் சாய்த்தார். பத்தாவது மணி அடித்தது. ஜெயித்துவிட்டீர்கள், படை திரும்பிப் போகிறது என்றேன்.

வினோ, "கதவைத் திற" என்றாள். திறந்து, வெளியே போய், திரும்பிப் போகிறவர்களைப் பின்னாலிருந்து வெட்டினார்கள்.

அட்டைத் தடுப்பின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அட்டை மடங்கிவிட்டது. ஃபரீதா, தலைவலி மாத்திரை பையில் இருக்கிறது, தரவா என்று கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

பெரிய ஊறுகாய் ஜாடி உடைந்திருக்கிறது. குப்பைக்கூடையில் காகிதம் சுற்றி, அடியில் மறைத்து வைத்திருந்தாள். கேட்டால் எனக்குத் தெரியாது என்கிறாள். வீட்டில் இருப்பது இரண்டு பேர், நான் உடைக்கவில்லை, அப்புறம் யார், பல்லியா? தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்? சின்ன வயதில் இப்படி இல்லை. ஒரு தப்புக்கு நாலு தடவை ஸாரி சொல்வாள், போதும்டி என்று நாங்கள்தான் நிறுத்துவோம். இரண்டு வருடமாகத்தான் இந்த அழுத்தம். எங்கே கற்றுக்கொண்டாளோ.

ஓசூர் விஷயம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

முதல் துளி ரத்தம் என்று ஒரு வழக்கத்தை உண்டாக்கினேன். மலைநாட்டில் இரண்டு கூட்டம் மோதினால் ஆளுக்கொரு வீரரை அனுப்புவார்கள். யாருக்கு முதலில் ஒரு துளி ரத்தம் வருகிறதோ அவர் தோற்றார், எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுக் கலைய வேண்டும். ஊர்ப் பெரியவர் இந்த விதியை உரக்கச் சொன்னார், இவர்களும் சத்தியம் செய்தார்கள். வினோ இறங்கினாள். முதல் வீச்சிலேயே எதிராளியின் புறங்கையில் கீறல். அவன் கத்தியைக் கீழே வைத்துக் கும்பிட்டான். வினோ இரண்டாவது வீச்சுக்குப் பகடையை எடுத்தாள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அவன் தோற்றுவிட்டான், கும்பிடுகிறான், இதற்கு மேல் என்னதான் செய்வான் அவன், உங்களுக்கெல்லாம் ஈரமே இல்லையா என்று கத்திவிட்டேன். நாலு வருடத்தில் மேசையில் கத்தியது இதுதான் முதல் தடவை.

ஜெரால்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. கும்பிட்டவன் கையில என்னைக்கு நீங்க கத்தி வைக்காம இருந்திருக்கீங்க?" என்றார்.

பாலத்துத் திருடன் தலைப்பாகைக்குள் சூரிக்கத்தி வைத்திருந்ததைச் சொன்னார். மன்னிப்புக் கேட்ட பூசாரி மறுநாள் சோற்றில் விஷம் வைத்ததை ஃபரீதா சொன்னாள். அந்த விஷத்தில்தான் அவளுடைய முதல் பாத்திரம் செத்தது, இரண்டு வாரம் துக்கமாக இருந்தாளாம். காயம்பட்ட சிப்பாய்க்குத் தண்ணீர் கொடுக்கப் போனபோது அவன் சீட்டியடித்து ஒரு படையையே கூப்பிட்டதை ஜெரால்டு நினைவுபடுத்தினார். நாங்களும் முதலில் விட்டுக்கொண்டுதான் இருந்தோம் டீச்சர், விட்ட ஒவ்வொரு தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டோம் என்றார்.

அதெல்லாம் கதைக்குச் சுவாரசியம், எப்போதோ ஒன்றிரண்டு தடவை நடந்தது என்றேன். வினோ பகடைகளைப் பொறுக்கிப் பையில் போட்டாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஒன்றிரண்டு தடவைதான் என்று நிரூபிக்க நாலு வருட நோட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லா ஞாயிறும் எழுதி வைத்திருக்கிறேன். சரணடைந்தவர்கள் பெயருக்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். முதல் வருடத்தில் இவர்கள் உயிரோடு விட்டவர்கள் மொத்தம் பதினொரு பேர். பதினொருவரும் திரும்பிவந்து முதுகில் குத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் என் கையெழுத்திலேயே குறிப்பு: "எதிர்பார்க்கவே இல்லை! முகத்தைப் பார்க்கணுமே!"

அதற்கப்புறம் இவர்கள் யாரையும் விடவில்லை. கணக்கு சரியாகத்தான் வருகிறது. விடை எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஒன்றாவது தப்பியிருக்கும் என்று இன்னொரு தடவை பார்த்தேன். இல்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

வினோ துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஜாடி உடைந்தால் பரவாயில்லை, பழசுதானே என்றேன். நல்லதாகத்தான் ஆரம்பித்தேன். அவள் கை நின்றுவிட்டது. தோளைக் குறுக்கிக்கொண்டு, அடுத்து வரப்போவதற்குத் தயாராவதுபோல உட்கார்ந்திருந்தாள். அடுத்து என்று எதுவும் என்னிடம் இல்லை. "நான் உடைக்கல" என்றாள்.

எழுந்து வந்து அடுப்பில் பாலை வைத்தேன். அதுவும் பொங்கி வழிந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று மலைக்கோட்டையின் தளபதி உக்கிரனுடன் மோதல். பகடை அவனுக்குச் சாதகமாகவே விழவில்லை. பாதி உயிர் போனதும் துணிச்சலுக்காக உருட்டினேன். மூன்று. வாளைக் கீழே வைத்தான், கவசத்தையும் கழற்றி வைத்தான். மூன்று பேரும் பகடையைக் கையில் எடுத்தார்கள்.

நான் அட்டைத் தடுப்பை மடித்துக் கீழே வைத்தேன். நாலு வருடத்தில் நான் மறைக்காமல் உட்கார்ந்ததே இல்லை. என் நோட்டைத் திருப்பி அவர்கள் பக்கம் தள்ளினேன். பாருங்கள், இவனிடம் வேறு கத்தி இல்லை, ஆள் இல்லை, விஷம் இல்லை, நான் எதுவும் எழுதி வைக்கவில்லை என்றேன். ஃபரீதா குனிந்து படித்தாள். ஜெரால்டு அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அதுவும் காலியாக இருந்தது.

வினோ நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"எழுதலைன்னா என்னக்கா. நீ என்னைக்கு எழுதி வச்சுக்கிட்டுப் பண்ணே? தோணுறப்ப எடுப்பே."

எடுக்கமாட்டான் என்றேன்.

"இன்னைக்கு மாட்டான். இன்னைக்கு நீ அழக்கூடச் செய்வே. அடுத்த மாசம் மோட்டாரை நிறுத்த மறந்தா எடுப்பே."

ஜெரால்டு டீ டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு இறக்கவே இல்லை. ஃபரீதா குனிந்து மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று மேசையில் இருந்த நாலு பேருக்கும் தெரிந்துபோயிற்று. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மற்றவர்கள் முன்னால் இப்படிப் பேசலாமா, நான் ஒருத்தி பதினொரு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தேனே என்று நாக்கு நுனிவரை வந்தது. வந்த பிறகுதான் உறைத்தது, இதைத்தான் அவள் சொல்கிறாள். நான் மன்னித்தது பொய் இல்லை. ஆனால் மன்னித்த அன்றே அந்தச் சூரியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். மோட்டாருக்கு உருவினேன், கேஸ் தீர்ந்ததற்கு உருவினேன், போன தீபாவளிக்கு அவள் எனக்கு வாங்கிவந்த புடவை நிறம் பிடிக்கவில்லை என்பதற்குக்கூட உருவினேன்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்று கேட்டேன்.

"நான் எண்ணலக்கா. எண்ணுற மாதிரியா இருந்துச்சு."

பேனாவை எடுத்து, திறந்திருந்த பக்கத்தில் பெரிதாக எழுதினேன்: இவன் தோற்றது முடிந்த விஷயம், இனி எந்த ஞாயிறும் இதை எடுக்கமாட்டேன். கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரி கோணலாக வந்திருக்கிறது. வினோ அதை ரொம்ப நேரம் படித்தாள். இரண்டு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

பிறகு பகடையை மேசையில் வைத்தாள். கொல்லவில்லை, கையைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். கட்டை எப்போது அவிழ்ப்பாய் என்று ஃபரீதா கேட்டாள். இப்போது கேட்காதே என்றாள் வினோ.

அந்தப் பதினொரு பேருக்கு அப்புறம் பிழைத்த முதல் ஆள். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். பாத்திரம் கழுவப் போனேன்.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் காபி குடிக்கும்போது தானாகவே சொன்னாள். ஓசூர் போக விருப்பம் என்று ஆகஸ்ட் நாலாம் தேதியே எழுதிக் கொடுத்துவிட்டாளாம். பதினைந்தாம் தேதி அங்கே சேர வேண்டுமாம்.

நாலாம் தேதி. அதாவது கரடிக்கு முன்னால், மோட்டாருக்கு முன்னால். நேற்று நான் எழுதிக்கொடுத்ததற்கெல்லாம் இருபத்தேழு நாள் முன்னால். மாற்ற முடியாதா என்று கேட்கவில்லை. இட்லிக்கு சட்னியா சாம்பாரா என்று கேட்டேன். சட்னி என்றாள்.

செப்டம்பர் 6, சனி

அட்டைப்பெட்டி, கயிறு, கொசுவலை. நல்ல குக்கரை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். விசில் வராத குக்கரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேனோ. 8-ஏ பேப்பர் அப்படியே கிடக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று மூன்று தடவை அந்த ஆஸ்பத்திரிப் பேச்சு வாய்வரை வந்தது. மூன்று தடவையும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். வயிறு ஊதிக் கிடக்கிறது. மன்னிப்பது இவ்வளவு சிரமமான வேலை என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அப்போதே யோசித்திருப்பேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஜெரால்டு கார் கொண்டுவந்தார். ஒன்பதரை மணி பஸ். பெட்டிகளை ஏற்றிவிட்டு அவர் வாழைப்பழம் வாங்கப் போனார். நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலுக்குக் கீழே நின்றோம்.

தைலம் வைத்திருக்கிறாயா, சார்ஜர் எடுத்தாயா என்று கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டேன். அப்புறம் அந்த வாக்கியம் வந்தது. அப்பாவை விட்ட மாதிரியே என்னையும் விட்டுவிட்டுப் போகிறாய். இவ்வளவு நாள் சொன்னதிலெல்லாம் இதுதான் கூர்மையானது. எனக்கு நிஜமாகவே அப்படித்தான் இருந்தது, அதுதான் கஷ்டம். பொய்யாக இருந்தால் விழுங்குவது சுலபம். வினோவும் பஸ்ஸில் ஏறாமல் நின்றுகொண்டிருந்தாள், தோளைக் குறுக்கிக்கொண்டு, வாங்கிக்கொண்டே போய்விடலாம் என்பதுபோல.

போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்றேன். ஏறினாள். பஸ் புறப்பட்டது. வளைவு திரும்பும்வரை கையை ஆட்டினேன்.

ஜெரால்டு வாழைப்பழத்தோடு ஓடிவந்தார், பஸ் போய்விட்டது. ஒன்றை எனக்கு உரித்துக் கொடுத்தார். பாதி தின்றிருப்பேன், போன் அடித்தது.

"அக்கா."

"என்னடி, எதையாவது மறந்துட்டியா?"

"இல்ல. நீ எதுவும் சொல்லலையே."

"இல்ல."



"சரி," என்றாள். "ஊறுகாய் ஜாடி நான்தான்க்கா உடைச்சேன்."